அளவு வகுக்கும் அவையில்



எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் இடையே ஒரு வாய்க்கால்தான் உண்டு. ஆனால் வாய்க்காலுக்கு இப்பால் ஒரு படி, அப்பால் வேறொரு படி வழங்கி வந்தது என்று என் பாட்டியார் சொல்லுவார். ஆகவே கொடுக்கல் வாங்கல் தொடங்கும்போதெல்லாம், "எந்தப் படி?" என்று முதலில் கேட்டு, அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்ட பிறகே நெல்லில் கை வைப்பார்களாம். 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1958 முதல் நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் சிறிது சிறிதாக நடைமுறைக்கு வந்தன. வாய்க்கால் வழக்கும் ஓய்ந்தது.

பொது அளவு வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தார் மட்டும் கண்டது அன்று. சோழர் காலத்துக் கோயில்கள் சிலவற்றின் சுவர்களில், நிலம் அளக்கும் கோலின் நீளம் கல்லிலே வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கோல் குறைந்துவிட்டதோ என்று ஐயுற்ற குடியானவன் அதனைத் தூக்கிச் சென்று சுவரிலே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. அந்தக் கோட்டை வெட்டுவதற்கு முன், நீளம் இன்னது என்று முடிவு செய்த கூட்டத்தில் யார் யார் அமர்ந்திருந்தனர்? அளக்கப்படும் நிலத்தை உழுதவனுக்கு அங்கே ஓர் இடம் இருந்ததா?

சினிமா, தொலைக்காட்சி, அச்சு, கணிப்பொறி எழுத்து ஆகிய ஊடகத் தொழில்களிலும் இத்தகைய கோல்கள் உண்டு; அவற்றை வகுக்கும் அவைகளும் உண்டு. அந்த அவைகளில் சென்று அமர்வதனால் யாது பயன், அமராமையால் யாது இழப்பு என்பதே இன்றைய பேச்சு.

1971ஆம் ஆண்டு நான் எட்டாம் வகுப்பு மாணவன். எங்கள் பள்ளிக்கு 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்றைக் கொணர்ந்து படம் காட்டினார்கள். கனடா நாட்டில் எடுக்கப்பட்ட, பனியாறுகளைப் பற்றிய குறும்படம் அது. சுவரில் கட்டிய வேட்டிதான் திரை. பனியைக் கண்ணால் கண்டிராத நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். படம் முடிந்தபின் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் பிலிம் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு படத்துக்கு ஒரு துளை. துளைகள் ஓர் ஓரத்தில். மறு ஓரத்தில் ஒலிப் பட்டை. "ஐயா, இந்தப் பிலிம் கனடாவிலிருந்து வந்ததென்றால், புரொஜெக்டரும் அங்கிருந்துதான் வந்ததா?" என்று ஒரு பையன் கேட்டான். "இல்லையடா, இயந்திரம் வேறு நாடு. துளை போட்டவனும் பல் வைத்தவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் பல் துளையில் விழுகிறது பார்!" என்றார் ஆசிரியர். அந்த விடையின் முழுப் பொருளும் எனக்கு விளங்க நெடுநாள் ஆயிற்று. முன்பின் கண்டிராத இருவரின் கைவேலை எப்படிப் பொருந்துகிறது?

தானாகப் பொருந்தவில்லை. சினிமா தோன்றிய காலத்தில் பொருந்தாமைதான் இயல்பாயிருந்தது. அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த டிக்சன் என்பார், 1892ஆம் ஆண்டு வாக்கில், ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் அகலமுள்ள ஈஸ்ட்மன் பிலிமை நெடுக்காக இரண்டாகக் கிழித்து 35 மில்லிமீட்டர் ஆக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் இருபுறமும் நான்கு நான்கு துளைகள் இட்டார். 1895இல் பாரிசில் படங்காட்டிய லூமியேர் சகோதரர்களும் 35 மில்லிமீட்டர் பிலிமையே கையாண்டனர். ஆனால் அவர்கள் இட்டவை வட்டத் துளைகள், பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் பயோகிராப் கம்பெனி என்று ஒரு நிறுவனம். அதன் பிலிமோ இவற்றைப்போல ஏறக்குறைய இருமடங்கு அகலம். ஒருவர் எடுத்த படம் மற்றொருவர் இயந்திரத்தில் ஓடாது. கொட்டகை முதலாளி ஒருவர் இரண்டு கம்பெனிப் படங்களைக் காட்ட விரும்பினால் இரண்டு இயந்திரங்கள் வாங்கவேண்டும். கம்பெனிகளுக்கு இது முதலில் இனிப்பாகவே இருந்தது. நம் இயந்திரத்தை வாங்கியவன் நம்மை விட்டு எங்கே போவான் என்று எண்ணினர். வாடிக்கைக்காரனைக் கட்டிவைத்த கயிறு தம்மையும் கட்டியிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தனர். வேறு ஊர்க் கொட்டகைக்குத் தம் படத்தை விற்க இயலவில்லை.

1909ஆம் ஆண்டு படத் தயாரிப்பாளர்கள் பாரிசில் ஒரு மாநாடு கூட்டினார்கள். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் மெலியே. நிலவுக்குப் பயணம் போவதாகக் கற்பனைப் படம் எடுத்த அதே கலைஞர்தான். மாயாஜாலப் படம் எடுத்தவருக்குத் துளைக் கணக்கில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். துளை பொருந்தாவிட்டால் அவருடைய நிலவு பாரிசைத் தாண்டி எங்கும் உதிக்காது. எடிசன் முறையிலமைந்த 35 மில்லிமீட்டர் பிலிமே பொது அளவு என்று அந்த மாநாட்டில் ஏற்கப்பட்டது.

பிறகு 1916ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சார்லஸ் பிரான்சிஸ் ஜென்கின்ஸ் என்பாரின் முயற்சியால் அமெரிக்காவில் திரைப்படப் பொறியாளர் கழகம் ஒன்று தோன்றியது. அவரே முதல் தலைவர். 1950இல் தொலைக்காட்சியையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட அக்கழகம் இன்றும் இயங்கி வருகின்றது. போட்டிக் கம்பெனிகளில் ஊதியம் பெறும் பொறியாளர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். பகலில் ஒருவர் சந்தையை ஒருவர் பறிப்பவர்கள், மாலையில் திருகாணியின் விட்டத்தைப் பற்றி ஒத்துப் பேசினார்கள்.

வேகத்தைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. ஊமைப் படக் காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16 படம் என்பது ஏட்டில் இருந்த கணக்கு. பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள் ஆதலால், நிமிடத்துக்கு 60 அடி. எளிய கணக்குத்தான், ஆனால் யார் கேட்டார்கள்? கொட்டகையில் கூட்டம் வெளியே காத்திருந்தால் ஓட்டுபவர் விரைந்து சுற்றிவிடுவார். கதாநாயகன் ஓட்டமும் நடையுமாய்ப் போவான். மக்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பேசும் படம் வந்ததும் சிரிப்பு அடங்கிற்று. கண் பொறுத்துக்கொண்டதைச் செவி பொறுக்கவில்லை. வேகம் சற்றே கூடினால் கதாநாயகன் குரல் கீச்சுக் குரலாகிறது. குறைந்தால் கதாநாயகி குரல் கட்டைக் குரலாகிறது. ஆகவே 1920களின் பிற்பகுதியில், வினாடிக்கு 24 படம், நிமிடத்துக்கு 90 அடி என்று உறுதி செய்தார்கள். 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் பம்பாயில் படமாக்கப்பட்டுச் சென்னையில் திரையிடப்பட்டது. பேசிய ஊர் ஒன்று, கேட்ட ஊர் ஒன்று. இடையில் நின்று குரலைக் காத்தது வேகம் பற்றிய ஓர் உடன்பாடு.

தொலைக்காட்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டு வண்ண ஒளிபரப்புக்கு ஒரு கம்பெனியின் முறை அரசின் ஒப்புதல் பெற்றது. அம்முறையில் வந்த படத்தை, மக்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் காட்டமாட்டா. ஒளிபரப்பு 1951இல் தொடங்கி அவ்வாண்டே நின்றுபோயிற்று. பல கம்பெனிப் பொறியாளர்களும் கூடிய குழு ஒன்று, பழைய பெட்டியிலும் கறுப்பு வெள்ளையாகத் தெரியக்கூடிய வண்ண முறையை ஆக்கித் தந்தது. 1953 டிசம்பரில் அது ஏற்கப்பட்டது. பழைய பெட்டிக்காரனை மறவாமை என்னும் இந்தக் கொள்கை ஐரோப்பிய முறைகளிலும் புகுந்தது. 1982இல் நம் நாட்டில் 'பால்' என்னும் ஜெர்மானிய முறைப்படி வண்ண ஒளிபரப்புத் தொடங்கியபோது, எங்கள் ஊராட்சி மன்றத்தின் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை நாங்கள் குறைவின்றிப் பார்த்தோம்.

ஆனால் நாடுகள் தமக்குள் ஒத்துப்போகவில்லை. 1966இல் ஆஸ்லோ நகரில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் ஐரோப்பா முழுமைக்கும் ஒரே வண்ண முறை காணும் முயற்சி தோற்றது. பிரெஞ்சுக்காரர்க்கு ஒரு முறை, ஜெர்மானியர்க்கு ஒரு முறை, அமெரிக்கர்க்கு ஒரு முறை. அந்தத் தோல்வி எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் நடந்த பேத்தியின் திருமணத்தைக் காண ஒரு பாட்டியார் வீடியோ கேசட்டுடன் அண்டை வீட்டுக்குப் போனார். பெட்டியில் படம் உருண்டோடியதேயன்றி மணமகள் முகம் தெரியவில்லை. இயந்திரத்தில் பழுது என்று எண்ணிக் கடைக்காரரை வைதார்கள். பழுது ஆஸ்லோவில் நேர்ந்தது என்பதை யார் அறிவார்?

இனி நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன்.

1997ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய பள்ளி தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. மலர் ஒன்று வெளியிட்டோம். பழைய மாணவர், ஆசிரியர் பலர் கட்டுரை தந்தனர். அவர்களுள் மூத்தவர் எண்பது கடந்த தமிழாசிரியர். 1940களில் பள்ளி கூரைக் கொட்டகையில் நடந்ததையும், போர்க்கால அரிசிப் பஞ்சத்தில் மாணவர்க்குக் கஞ்சி ஊற்றியதையும் அவர் முப்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். மலரில் இடமில்லை, எட்டுப் பக்கம் மட்டும் அச்சேறிற்று. முழுக் கட்டுரையும் கணிப்பொறியில் கோக்கப்பட்டுப் பிளாப்பியில் இருக்கிறதே, பின்னொரு நாள் தனி நூலாக்குவோம் என்று அவருக்குச் சொன்னேன். கையெழுத்துப் படி அச்சகத்திலேயே தங்கிவிட்டது. பிறகு அது கிடைக்கவில்லை. தமிழாசிரியரும் இரண்டாண்டில் மறைந்தார்.

2011இல் நான் தலைமையாசிரியன். கொடுத்த சொல் நினைவுக்கு வந்தது. பிளாப்பியிலிருந்து நல்ல வேளையாக எவரோ பெயர்த்து வைத்திருந்த கோப்பைத் திறந்தோம். ரோமன் எழுத்தும் கேள்விக்குறியும் டாலர்க் குறியும் கலந்த ஒரு குப்பை எங்கள்முன் விரிந்தது. ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. அந்த முதியவர் பேச வாய் திறக்கிறார், ஒலி வரவில்லை என்பதுபோல் எனக்குத் தோன்றிற்று.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று மனிதர் உடன்பட்டு வைக்கவேண்டும். ஆங்கிலத்துக்கு அமெரிக்கர்கள் 1963இலேயே அத்தகைய பட்டியலை வகுத்துவிட்டனர். தமிழிலோ 1990களில் எழுத்துரு ஆக்கியவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணைத் தந்தனர். ஒருவர் எழுத்துருவில் 'க' இருந்த இடத்தில் மற்றவர் எழுத்துருவில் 'லூ' இருக்கும். எங்கள் மலரைக் கோத்த எழுத்துரு எது என்று கேட்டறிய அச்சகம் அப்போது நடக்கவில்லை. வாய்க்காலுக்கு இப்பால் ஒரு படி, அப்பால் ஒரு படி!

என்னிடம் படித்து, கணிப்பொறித் தொழிலில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் செய்த தந்திரம் எளியது. அச்சேறிய எட்டுப் பக்கம் நம் கையில் இருக்கிறது. அதே எட்டுப் பக்கம் குப்பை வடிவிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். அச்சில் 'பள்ளி' என்று இருக்குமிடத்தில் குப்பையில் என்ன குறிகள் உள்ளன என்று பார்த்து, ஒவ்வொன்றாய் ஒரு தாளில் எழுதினார். கொம்பும் காலும் தனித்தனியே வந்தமையால் சில இடங்களில் திகைத்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. பட்டியல் முடிந்ததும், கணிப்பொறியே முப்பது பக்கத்தையும் மாற்றித் தந்தது. இரண்டு பக்கம் மட்டும் கோப்பிலேயே சிதைந்து போயிருந்தன. அவை போனவை போனவைதாம். மறுபிறவி எடுத்த கட்டுரையைப் படிக்கையில் என் கண்ணாடியை இருமுறை துடைக்க நேர்ந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள் என்று எண்ண வேண்டா. 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ்க் கணிப்பொறி மாநாடுகள் கூடின. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, தமிழ்நாடு, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல திசைகளிலும் வாழ்ந்த தமிழர்கள் வந்து வாதிட்டனர். சென்னை மாநாட்டின் விளைவாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை பிறந்தது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என்று இலக்கணம் சொல்லும் முப்பத்தொரு முதன்மை எழுத்துக்களைக் கொண்டே 247 எழுத்துக்களையும் எழுதலாம் என்பது அதன் அடிப்படை. இலக்கண ஆசிரியனும் பொறியாளனும் ஒரே மேசையில் அமர்ந்ததால் கிடைத்த கனி அது. தட்டச்சுப் பழகியவர்களின் முணுமுணுப்பையும் நான் அறிவேன். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் தோன்றியது.

இவையெல்லாம் நடப்பதற்கு முன்பே உலகம் வேறோர் அவையில் கூடிவிட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்னும் நோக்கத்தோடு, 1991இல் யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. இன்று நீங்கள் கைப்பேசியில் தமிழில் எழுதுவதும், சென்னையில் எழுதியது டொராண்டோவில் பிழையின்றித் தோன்றுவதும் அதன் அருளே. அதில் 'க' என்பதன் எண் 2965. எந்த நாட்டுக் கருவியிலும் 2965 என்றால் 'க'தான். எங்கள் தமிழாசிரியர் அந்த எண்களில் எழுதப்பட்டிருந்தால் ஓர் ஞாயிற்றுக்கிழமையும் வீணாகியிராது.

ஆயினும், அந்தப் பட்டியலைத் தமிழ் படித்த மாணவர் எவரேனும் எடுத்துப் பார்த்தால் புருவம் உயரும். இந்திய மொழிகளுக்கென 1988இல் நம் நாட்டில் வகுத்திருந்த பொதுக் குறியீட்டை அடியொற்றியே ஒருங்குறியார் தம் பட்டியலை அமைத்தனர். அப்பொதுக் குறியீட்டின் வரிசையோ தேவநாகரியைத் தழுவியது. ஆகவே தமிழுக்கே உரிய எழுத்துக்கள், உறவுமுறை தெரியாத விருந்தாளிகளைப்போல் இடையிடையே அமர்த்தப்பட்டன. 'ந'வின் எண் 2984, உடனே அடுத்து 'ன' 2985. 'ர'வை அடுத்து 'ற'. 'ல'வை அடுத்து 'ள', அதை அடுத்து 'ழ'. "வ ழ ள ற ன" என்று திண்ணைப் பள்ளியில் பாடம் சொன்ன வரிசை அங்கே இல்லை. எண்ணின் வரிசைப்படியே சொற்களை அடுக்கினால் அகராதி தலைகீழாகும். சரியாக அடுக்கத் தனியே ஒரு விதி வேண்டியிருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் மெய்யெழுத்தே முதலாவது, அதனோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். ஒருங்குறியிலோ 'க' முதலாவது. அதன்மேல் 3021 என்னும் புள்ளியைச் சேர்த்தால்தான் 'க்' கிடைக்கும்.

பெயர்களைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருங்குறியில் ஆங்கிலத்தில் அமைந்த ஓர் அதிகாரப் பெயர் உண்டு. ஆய்த எழுத்துக்கு அங்குள்ள பெயர், வடமொழி விசர்க்கத்தின் பெயர்! ஆய்தம் வேறு, விசர்க்கம் வேறு என்பதை ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த கை இது. 'ழ'கரத்தின் பெயரோ, ரோமன் எல் எழுத்தை மும்முறை எழுதிய 'எல்எல்எல்ஏ' என்பது. அப்பெயரை வாய்விட்டுப் படிக்க எவராலும் ஆகாது. திருத்தலாமே என்றால், திருத்தமுடியாது. ஒருமுறை தந்த எண்ணையும் பெயரையும் மாற்றுவதில்லை என்பது பின்னர் அவர்கள் மேற்கொண்ட உறுதி. அதற்கும் காரணம் உண்டு. 1996இல் கொரிய எழுத்துக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்தார்கள். அதனால் விளைந்த சங்கடத்தைக் கண்டபின், இனி எதையும் நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தனர். எழுதப்பட்ட கோடிக்கணக்கான பக்கங்கள் நாளைக்குக் குப்பையாகக் கூடாதல்லவா? எங்கள் கோப்பின் கதையை அனுபவித்த நான் அந்த உறுதியைக் குறைகூற மாட்டேன். ஆனால் உறுதி பூணுவதற்கு முன் அங்கே உரக்கப் பேசியிருக்கவேண்டும் என்று மட்டும் நினைப்பேன். கோயில் சுவரில் கோடு வெட்டியானபின், கோல் நீளம் என்று அழுது பயனில்லை.

அவையில் சென்று பேசினால் நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தமிழ் எண்களில் சுழியம் முதலில் ஒருங்குறியில் இல்லை, 2005இல் சேர்ந்தது. 2010இல் கிரந்த எழுத்துக்களைப் பற்றிய முன்மொழிவுகள் எழுந்தபோது தமிழ்நாட்டில் கடும் விவாதம் நிகழ்ந்தது. அறிஞர்களும் அரசும் தம் கருத்தை எழுத்துமூலம் அறிவித்தனர். முடிவில் 2014இல் கிரந்தத்துக்குத் தமிழ்ப் பகுதிக்கு வெளியே தனி இடம் வழங்கப்பட்டது. 2019இல் நம் பழைய பின்னங்கள், அளவைகள் முதலியவற்றின் குறிகள் ஐம்பத்தொன்று சேர்க்கப்பட்டன. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு ஆகியவற்றின் குறிகளும் அங்கே உள. ஓலைச் சுவடிகளையும் பழங்கணக்கு ஏடுகளையும் படியெடுக்க இவை இன்றியமையாதவை. சில ஆர்வலர்கள் சான்றுகளைத் திரட்டி, முன்மொழிவு எழுதி, மறுப்புக்கு விடை எழுதி, பல ஆண்டு காத்திருந்ததன் பயன் இது. ஒன்றை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். இந்தப் புதிய குறிகளில் ஆழாக்கு, உழக்கு என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களில் 'ழ' வருமிடத்தில், நாம் வழக்கமாக எழுதும் இரண்டு ரோமன் எழுத்துக்களே இருக்கின்றன. எல் எழுத்து மும்முறை வரவில்லை. எழுதிய கை தமிழ் அறிந்த கை என்பது அதிலேயே தெரிகிறதன்றோ?

இந்த அவைகளில் அமர்வது விருந்து அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். காற்புள்ளி ஒன்றுக்காக ஒரு பிற்பகல் கழியும். வரைவு, கருத்துரை, மறு வரைவு, வாக்கெடுப்பு என்று ஆண்டுகள் நகரும். பன்னாட்டுத் தர நிறுவனத்தில் ஒரு வரைவுக்கு எதிராக வாக்களிப்போர் காரணத்தையும் எழுதியாக வேண்டும். வெறும் "வேண்டாம்" செல்லாது. என் போன்ற ஆசிரியனுக்கு இந்த விதி மிகப் பிடிக்கும். பெரிய கம்பெனிகள் தம் ஆட்களைச் செலவு செய்து அனுப்பித் தமக்கு ஏற்றபடி அளவை வளைக்க முயல்வதும் உண்டு. 2002இல் ஹாலிவுட்டின் ஏழு பெரும் படக் கம்பெனிகள் கூடி, டிஜிட்டல் முறையில் படம் திரையிடுவதற்கான விதித்தொகுப்பை ஆக்கத் தொடங்கி, 2005இல் வெளியிட்டன. உலகிலேயே மிகுதியான படங்களை எடுக்கும் நாடுகளுள் ஒன்று நம்முடையது. அந்த ஏழு நாற்காலிகளில் ஒன்றும் நம்முடையது அன்று. ஆனால் விதி மட்டும் கடல் கடந்து வந்துவிடும்.

இத்தனைக்கும் நம் நாடு இத்துறைக்குப் புதிதன்று. 1947 ஜனவரியில், விடுதலைக்கு ஏழு மாதம் முன்னரே, இந்தியத் தர நிறுவனம் தோன்றியது. அவ்வாண்டே செயற்படத் தொடங்கிய பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தொடக்க உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று. அந்தப் பழைய நிறுவனமே 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்னும் பெயரில் நடைபெறுகிறது. அது வகுக்கும் அளவுகளின் வரைவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. கருத்து எழுத எவருக்கும் உரிமை உண்டு. கல்லூரி மாணவர் எழுதக் கூடாது என்று எங்கும் விதி இல்லை. ஒருங்குறிக்கும் எவரும் முன்மொழிவு அனுப்பலாம். வாக்குத்தான் உறுப்பினருக்கு உரியது.

எங்கள் தமிழாசிரியரின் கட்டுரையைப் பிறகு சிறு நூலாக அச்சிட்டோம். அதை மீட்டுத் தந்த இளைஞர், தாம் ஆக்கிய பட்டியலை அதே எழுத்துருவில் சிக்கித் தவித்த வேறு சிலருக்கும் இலவசமாக அனுப்பினார். நூலில் காணாமற்போன இரண்டு பக்கங்களுக்குரிய இடத்தை நிரப்பாமல் வெற்றுத் தாளாகவே விட்டுவைத்தோம். வெளியீட்டு நாளன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த வெற்றுத் தாளைக் காட்டி, "ஐயா, இதில் என்ன இருந்தது?" என்று கேட்டாள். முன் பக்கத்தின் கடைசி வரி, கஞ்சித் தொட்டிக்கு விறகு கொண்டுவந்த ஒரு மாணவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் நிற்கிறது. அவன் பெயர் அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.